மரியாள் சொன்ன விளக்கம்

தை 9, வியாழன்.

இன்று சாயங்காலம் வேதபாடத்தில் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் கதையை எடுத்தேன். விடியலில் வந்தவனுக்கும் சாயங்காலம் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறான். படித்து முடிப்பதற்குள் நெல் அறுக்கப் போகும் ஆட்களின் செட்டுக்குத் தலைவன் சின்னப்பன் பொங்கிவிட்டான்.

"இது என்னங்கய்யா நியாயம்? காலையிலேர்ந்து குனிஞ்சு அறுத்தவன் இளிச்சவாயனா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிருபையைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். சபையின் உபதேசியார் நான்தானே விளக்கம் சொல்ல வேண்டும்? நோட்டைத் திறப்பதற்குள் மரியாள் பேசினாள். எழுத்துத் தெரியாதவள். புருஷன் விவசாயக் கூலிகள் சங்கத்தில் சேர்ந்து வாசலில் கொடி கட்டியதிலிருந்து, பண்ணைக் காரியஸ்தர் அவர்கள் இருவரையும் அறுப்புக்குக் கூப்பிடுவதில்லை.

"கடைசியா வந்தவன் சோம்பேறி இல்லண்ணே. யாரும் கூப்பிடலன்னுதானே சாயங்காலம் வரைக்கும் நின்னான்? அவன் வீட்டுலயும் உலை வைக்கணும்ல?"

சிரிப்பு அடங்கிவிட்டது. சின்னப்பன் அவள் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு எங்க செட்டோட வா தங்கச்சி. காரியஸ்தர் கேட்டா நான் பேசிக்கிறேன்."

பன்னிரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அது ஒருவனுக்குள் இறங்குவதை இன்றுதான் கண்ணால் பார்த்தேன். நோட்டைத் திறக்கவே இல்லை. பெருமையில் முடிவு ஜெபம்கூடத் தடுமாறியது.

ஆனால் காரியஸ்தர் சின்னப்பனுக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டால்? அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

பரணில் கிடந்த என் பழைய கருக்கரிவாளைத் தேடி எடுத்துத் துரு தேய்த்து வைத்திருக்கிறேன். விடியலில் நானும் அவர்களோடு வயலில் இறங்குகிறேன்; காரியஸ்தர் சொல்வதை என்னிடமும் சொல்லட்டும்.