குளிருக்கு முன் உள்ளே எடுக்க வேண்டியவை

மல்வேர்ன், ரொறன்ரோ
13 செப்டெம்பர் 2025

அட்சயாவின் அப்பாவுக்கு,

நல்ல சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன கிழமை போனில் கதைத்ததும் சண்டையில்தானே முடிந்தது. "இனிக் கதைக்க வேண்டாம் குணம், சொல்லுறதை எழுதி அனுப்பும்" என்று வைத்துவிட்டீர்கள். அதனால் தாளில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தபாலில் போட்டால் பனி கொட்டிய பிறகுதான் கைக்கு வரும்.

விசயம் உங்கள் ஓர்கிட் பூஞ்செடிகள்தான். வெயில் காலத்துக்கு வெளியே எடுத்துவைக்கச் சொன்னீர்கள். நானும் பக்கத்து வீட்டு ஷரோனும் தூக்கிக்கொண்டுபோய் லைலாக் மரத்தின் கீழே வைத்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. நேற்று ஷரோன் வேலியால் எட்டிப் பார்த்து, "உங்கட மனுசன் இந்த நேரத்துக்கு எல்லாத்தையும் உள்ள எடுத்துப்போடுவாரே, ஏன் இன்னும் வெளியில கிடக்கு?" என்று கேட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்டது எனக்கு இப்படித்தான் காதில் விழுந்தது. என்ன சொல்வது? "வாறார், வந்து எடுப்பார்" என்றேன்.

பெப்ரவரியில், ஊர் வீட்டைத் திருத்திவிட்டு வர மூன்று மாதம் என்று போனீர்கள். பிறகு ஓகஸ்ட் என்றீர்கள். பிறகு நவராத்திரிக்கு முன் என்றீர்கள். நவராத்திரிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். இரவில் கம்பளி ஜம்பர் இல்லாமல் பின்வளவுக்குப் போக முடியவில்லை. பிளேன் ரிக்கற் போட்டீர்களா? போட்டிருந்தால் செடிகளை அப்படியே விடுகிறேன். இல்லாவிட்டால் எப்படி எடுப்பதென்று எழுதுங்கள்.

உங்கள்
குணம்


கொக்குவில்
16 செப்டெம்பர் 2025

அன்பின் குணத்துக்கு,

உம்முடைய கையெழுத்தைக் கண்டு எவ்வளவு காலம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தேன்.

எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரவுச் சூடு பன்னிரண்டு பாகைக்குக் கீழே போனால் ஓர்கிட் தாங்காது. இந்தக் கிழமையே எடும். ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது, சொல்லிவிட்டேன். வெளியில் மூன்று மாதம் நின்றவை. எறும்பு குடியிருக்கும், நத்தை ஒளிந்திருக்கும்.

முதலில் வாளியில் தண்ணீர் நிரப்பி, சாடியை விளிம்புவரை அமிழ்த்தி அரை மணித்தியாலம் விடும். உள்ளே கிடப்பதெல்லாம் மூச்சுமுட்டி மேலே வரும். பிறகு இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாரும். முக்கியமாக இலையும் தண்டும் சேரும் இடுக்கு. வெள்ளைப் பஞ்சு ஒட்டினதுபோலக் கண்டால் அதுதான் பஞ்சுப்பூச்சி. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை அல்ககோலில் தோய்த்துத் துடையும். பழுப்பு நிறத்தில் பொட்டுப்போலக் கண்டால் நகத்தால் சுரண்டும், அதுவும் பூச்சிதான். கடைசியில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கலந்து எல்லா இலைக்கும் ஸ்பிறே அடியும். பூச்சி கண்டதை மட்டும் இரண்டு கிழமைக்கு வேறு அறையில் வையும். அட்சயாவின் அறை நல்லது, காலை வெயில் விழும்.

ரிக்கற் இன்னும் போடவில்லை. கூரை வேலை பாதியில் நிற்கிறது. இப்போது விட்டுவிட்டு வந்தால் மழைக்கு எல்லாம் பாழ்.

உம்முடைய தோள்மூட்டு எப்படி? பாரமான சாடிகளை ஷரோனைப் பிடித்துத் தூக்கும்.

அன்புடன்
மூர்த்தி


மல்வேர்ன்
22 செப்டெம்பர் 2025

அட்சயாவின் அப்பாவுக்கு,

நேற்று ஞாயிறு முழுக்க இதே வேலைதான். எல்லாம் இப்போது வீட்டுக்குள்.

ஷரோனைக் கூப்பிடவில்லை. அவர் தேவாலயத்துக்குப் போயிருந்தார். தோள் நோகும்போது நின்று நின்று தூக்கினேன். முதற் சாடியை வாளிக்குள் விட்டதும் எறும்பெல்லாம் மேலே வந்து, விளிம்பில் ஏறி, என் கையிலும் ஏறிவிட்டன. நான் போட்ட சத்தத்துக்கு ஒருவரும் ஓடி வரவில்லை. பிறகு நானே சிரித்தேன். ஓடில்லாத நத்தை ஒன்றும் வந்தது, பெருவிரல் அளவில். கொல்ல மனமில்லாமல் தாளில் எடுத்து வேலிக்கரையில் விட்டேன். ஷரோனுக்குச் சொல்ல வேண்டாம், அது அவருடைய கோவாக் கீரைப் பாத்திப் பக்கம்தான் போனது.

இலை கழுவியதெல்லாம் குளியல் தொட்டியில். ஒவ்வொரு வருசமும் ரேடியோவை உரக்கப் போட்டுவிட்டு அந்தத் தொட்டியை நீங்கள் சேறாக்குவீர்கள். நான் வாசலில் நின்று கத்துவேன். நேற்று நானே சேறாக்கி, நானே கழுவினேன். கத்துவதற்கு ஆளில்லாத வீட்டில் சேறு சீக்கிரம் காய்கிறது.

ஊதா நிறத்தில் பூக்குமே, பெரியது, அதிலும் பக்கத்தில் நின்ற இரண்டிலும் நீங்கள் சொன்ன பஞ்சு இருந்தது. இடுக்குக்குள் எட்டிப் பார்க்கக் கண்ணாடியோடு டோர்ச்சும் வேண்டியிருந்தது. துடைத்திருக்கிறேன்.

வேலையிடத்தில் சுகம். டேகெயார் குசினியில் சமைக்கப் புதிதாக வந்த மயூரி என்ற பிள்ளை, "அன்ரி, நீங்க தனியவா இருக்கிறீங்க?" என்று கேட்டாள். "இல்லை, அவர் ஊருக்குப் போயிருக்கிறார்" என்றேன். இரண்டும் ஒன்றுதானே என்பதுபோலப் பார்த்தாள்.

உங்கள்
குணம்


கொக்குவில்
27 செப்டெம்பர் 2025

அன்பின் குணத்துக்கு,

நீர் இவ்வளவும் தனியே செய்வீர் என்று நான் நினைக்கவில்லை. கெட்டிக்காரி.

ஊதாவை மட்டும் சாடியால் வெளியே எடும். வேரிலும் பூச்சி இருக்கும். சாடிக்குள் கிடக்கும் பழைய மரப்பட்டையை எறிந்துவிட்டு, கறுத்து மெதுமெதுப்பான வேரை வெட்டி, புதுப் பட்டையில் நடும். அந்தச் செடி கடைவாசலில் குப்பையோடு கிடந்ததை நான் தூக்கி வந்தது உமக்கு ஞாபகம் இருக்கும். பூ உதிர்ந்ததும் செத்துவிட்டதென்று எறிந்திருந்தார்கள்.

இங்கே நானும் இரண்டு ஓர்கிட் வாங்கி மாமரத்தில் கட்டிவிட்டேன். வெறும் கயிற்றால் கட்டினேன், அவ்வளவுதான். வேர் மரத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கே எதையும் உள்ளே எடுக்கத் தேவையில்லை குணம். வெளியே எடுக்கவும் தேவையில்லை. அது பாட்டுக்கு நிற்கிறது.

வாசிகசாலைக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். காலையில் சைக்கிளில் போனால், "மூர்த்தி அண்ணை, எங்க போறியள்?" என்று நாலு பேராவது மறிப்பார்கள். இருபத்தெட்டு வருசம் அந்தப் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றேன். என்னை ஒருவரும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை.

நான் ஒன்று சொன்னால் கோபிக்காமல் வாசியும். நீர் இங்கே வாரும். வேலையை விடும், போதும். அட்சயா வன்கூவரில் தன் பாட்டில் இருக்கிறாள். அங்கே யாருக்காகக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்? கூரை முடிந்தால் இது வடிவான வீடு.

அன்புடன்
மூர்த்தி


மல்வேர்ன்
13 ஒக்டோபர் 2025

அட்சயாவின் அப்பாவுக்கு,

இன்று நன்றியறிதல் நாள், லீவு. இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது. கோபத்தில் எழுதக் கூடாது என்பதற்காகவே பொறுத்திருந்தேன்.

நான் அங்கே யாரிடம் வருவது? அக்கா பாரிசில், தங்கச்சி லண்டனில். அம்மா அப்பா இல்லை. உங்களை மறித்துக் கதைக்கும் நாலு பேருக்கு நான் மூர்த்தி அண்ணையின் மனுசி, அவ்வளவுதான். இங்கே என்னைக் குணவதி என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். டேகெயாரில் சின்னப்பிள்ளைகள் என் பேரைச் சொல்ல நாக்குப் புரளாமல் "கூனா" என்கிறார்கள். பஸ்ஸில் எனக்கென்று ஒரு இருக்கை இருப்பதுபோல அந்தச் சாரதி காத்து நிற்பான். பெரிய விசயமில்லை. ஆனால் நானே தேடியது.

நீங்கள் இரவு வேலை, நான் பகல் வேலை. நான் சப்பாத்துப் போடும்போது நீங்கள் கழற்றினீர்கள். வாசலில்தான் குடும்பம் நடத்தினோம். உங்களுக்குப் பென்சன் வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவோம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒன்றாக அது தெரியவில்லை. பென்சன் எடுத்து மூன்று நாலு மாதத்தில் பிளேன் ஏறினீர்கள்.

அங்கே நீங்கள் சந்தோசமாக இருப்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொன்று. பூச்சி பரவிவிட்டது. பூச்சி கண்டவற்றைத் தனியே வைக்கச் சொன்னீர்கள், நான் வைக்கவில்லை. மேல்மாடிக்கு நான் படுக்க மட்டும்தான் போகிறேன். அட்சயாவின் அறையைத் திறந்தாலே வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது. அதனால் எல்லாச் சாடிகளையும் முன் யன்னலில் ஒன்றாக வைத்தேன். வேலையால் வந்து இறங்கும்போது தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே ஆட்கள் இருப்பதுபோல இருக்கும். இப்போது ஹீற்றர் போட்டதும் எல்லாவற்றிலும் வெள்ளை பிடித்துவிட்டது. என்ன செய்வது?

அதோடு ஒரேயொரு கேள்வி. திரும்பி வருவீர்களா? ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒரு சொல் எழுதுங்கள். நான் சண்டை பிடிக்க மாட்டேன்.

உங்கள்
குணம்


கொக்குவில்
19 ஒக்டோபர் 2025

அன்பின் குணத்துக்கு,

தனியே வையும் என்று நான் படித்துப் படித்து எழுதினேனே. ஒன்றோடொன்று இலை முட்டினால் பூச்சி நடந்து போய்விடும். சரி, நடந்தது நடந்துவிட்டது.

ஊதாவும் மற்ற இரண்டும்தான் மோசமென்றால் அவற்றைப் பையில் கட்டிக் குப்பையில் போடும். பாவம் பார்க்க வேண்டாம். பாவம் பார்த்தால் எல்லாம் போகும். மிச்சத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை அல்ககோலும் சவர்க்காரமும். ஒருமுறை துடைத்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முட்டை பொரித்து வந்துகொண்டேயிருக்கும். யன்னல் விளிம்பையும் சாடியின் அடியையும் துடையும். சாடிகளுக்கிடையில் ஒரு சாண் இடைவெளி விடும். குளிர்காலத்தில் தண்ணீர் குறைவாக ஊற்றும்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. கூரை தாங்குகிறது.

மேல்மாடி அலுமாரியில் நான் குளிருக்குப் போடும் தடித்த யக்கற்றும் பனிச் சப்பாத்தும் இருக்கின்றன. நல்ல யக்கற். சும்மா தொங்காமல், தேவைப்பட்ட யாருக்காவது கொடுத்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடும்.

அன்புடன்
மூர்த்தி


மல்வேர்ன்
16 நவம்பர் 2025

அட்சயாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் பூச்சிக்காகத்தான் வாசித்தேன். யக்கற் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, சோற்றை இறக்கிவைத்துவிட்டு வந்து திரும்ப வாசித்தேன். நான் ஒரு சொல் கேட்டேன். நீங்கள் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். விளங்கியது.

ஒரு கிழமை அலுமாரியைத் திறக்கவில்லை. பிறகு ஷரோனிடம் சொன்னேன், "அவர் வரமாட்டார்" என்று. முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னது. ஷரோன் என்னைத் தன் குசினியில் இருத்தி, சூப் ஊற்றித் தந்தார். உப்பே இல்லை. இரண்டு கோப்பை குடித்தேன். யக்கற்றும் சப்பாத்தும் அவருடைய தம்பிக்குப் பொருந்தின. போன கிழமை முதல் பனி கொட்டியபோது அந்தத் தம்பி அதைப் போட்டுக்கொண்டு வாசலில் பனி வழித்தார். யன்னலால் பார்த்தபோது முதுகு உங்களுடையது போலவே இருந்தது. திரையை இழுத்துவிட்டேன்.

பாவம் பார்க்க வேண்டாம் என்று எழுதினீர்கள். நான் பார்த்தேன். மூன்றையும் எறியவில்லை. சனிக்கிழமைகளில் டோர்ச்சும் பஞ்சுக்குச்சியுமாக மேசையில் இருந்துவிடுவேன். இரண்டு போய்விட்டன, இலை எல்லாம் மஞ்சளாகிக் கழன்றது. ஊதா தப்பிவிட்டது. வேரை வெட்டி வெட்டி மூன்று வேர்தான் மிஞ்சியது, ஆனால் அதில் ஒன்றின் நுனியில் பச்சை வந்திருக்கிறது. இந்தச் சனி தேடியபோது ஒரு பூச்சியும் கிடைக்கவில்லை. எனக்கு ஒரு வெறுமை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேலை முடிந்துவிட்டதே என்று.

சாடிகளை இடைவெளி விட்டுத்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னது சரிதான், அப்படித்தான் அவை சுகமாக இருக்கின்றன.

உங்களோடு எனக்குக் கோபம் இருந்தது. இப்போது தேடிப் பார்க்கிறேன், அதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் இங்கே இருந்தபோதும் முழுதாக இங்கே இருக்கவில்லை. அங்கே இருக்கிறீர்கள். ஒரு மனுசனை அவன் பிடித்துக்கொண்ட மரத்தில் இருந்து பிய்த்தெடுக்க நான் யார்? ஆனால் என்னையும் பிய்க்க வேண்டாம்.

அட்சயாவுக்கு நானே சொன்னேன். "அம்மா, are you okay?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஓம் பிள்ளை, சாப்பிட்டனான்" என்றேன். கேட்டதற்கும் சொன்னதற்கும் தொடர்பில்லைத்தான். அவள் அழுதாள். நான் அழவில்லை.

ஜனவரியில் எனக்கு மூன்று கிழமை லீவு தந்திருக்கிறார்கள். நேற்று ரிக்கற் எடுத்துவிட்டேன், போகவும் வரவும். அந்த நாட்களில் ஷரோன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். உங்கள் கூரையையும் மாமரத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடவும் வேண்டும், மூன்று கிழமைக்காவது.

பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கும் நாளைப் பிறகு அறிவிக்கிறேன். எனக்கு எந்த அறை என்று மட்டும் பார்த்து, தலையணை உறையைத் தோய்த்து வையுங்கள். விருந்தாளி வருகிறாள் என்று அயலிலும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு
குணவதி