அஸ்கியின் வாப்பாவிடம் சொல்லிவிட்டேன்

கல்முனை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் முர்ஷிதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ இருப்பாய் என்ற நினைப்பில்தான் இங்கே எங்கள் பொழுது போகிறது. நானும் உம்மாவும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் நீ அழுதால் எனக்குப் பேச்சு நின்றுவிடும், அதனால் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பும் மிஹ்லாரின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

உன் கூட்டாளி அஸ்கியின் வீட்டைப் பார்க்க முடியவில்லை மகன். அவன் மனைவி அப்ரா இத்தாவில் இருக்கிறாள், நாலு மாதம் பத்து நாள் வெளியில் வரமாட்டாள். மையத்தைக் கத்தாரிலேயே அடக்கிவிட்டதால், முகம் பார்க்காத அவனுடைய உம்மாவுக்கு அவன் மௌத்தானான் என்று இன்னும் நம்பிக்கை வரவில்லை, கேட் சத்தம் கேட்டால் எழுந்து போகிறாள். ஊர்வாய் அதைவிட மோசம். கூட்டாளியின் கார் கையில் கிடைத்ததும் கண்மண் தெரியாமல் ஓட்டி மௌத்தானான் என்று பள்ளி வாசலிலேயே கதைக்கிறார்கள். அவன் வாப்பா முகைதீன்பாவா அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி செருப்பைத் தேடினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நீ அந்தக் காரை வாங்கிய நேரம் உம்மா போட்டோவைத் தெருவெல்லாம் காட்டினாள். நாட்டை விட்டுப் போகிற ஒருவர் அவசரத்தில் விற்கிறார், வெளிநாட்டுக்காரனும் தன் பெயரில் கார் வைத்திருக்கலாம் வாப்பா என்று நீ சொன்ன சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது. அஸ்கி மௌத்தான பிறகுதான் மற்றதை என்னிடம் மட்டும் சொன்னாய். பிரேக்கில் எண்ணெய் ஒழுகுகிறது, ரோட்டில் இறக்காதே என்று கராஜ்காரர் சொன்னதையும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நீ விட்டதையும், கம்பனி பஸ்ஸைத் தவறவிட்ட அஸ்கி காரின் திறப்பைக் கேட்டபோது படுக்கையில் இருந்தபடியே எடுத்துக்கொண்டு போ என்றதையும். யாரிட்டயும் சொல்லாதீங்க வாப்பா, கார் என்ட பேர்ல இரிக்கு, பொலிஸ் என்னப் புடிச்சிருவான் என்றாய். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தக் கிழமை ஆரம்பத்தில் இறக்காமத்து வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனேன். பக்கத்து வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்ற முகைதீன்பாவா என்னைக் கண்டதும் கிட்ட வந்து, முத்தலிப் காக்கா, என்ட புள்ளய நான் ஒழுங்கா வளக்கல்லையா, வேகமா ஓடித்தான் மௌத்தானாம் எண்டு எல்லாரும் சொல்றாங்க, உங்கட மகன் ஒண்டும் சொல்லல்லையா என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவன்ட ஓட்டத்துல பிழையில்ல தம்பி, பிரேக் பழுது, என்ட மகனுக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லாமத் திறப்பக் குடுத்துட்டான் என்று சொல்லிவிட்டேன். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் குந்தினார். ஏசுவார் என்று நினைத்தேன். அப்ப என்ட புள்ள மிதிச்சி மிதிச்சிப் பாத்திரிப்பான் என்ன காக்கா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். எழுந்து போய்விட்டார், மண்வெட்டியைக்கூட எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. பெத்த புள்ளயக் காட்டிக் குடுத்துட்டீங்களே என்றாள், பிறகு சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனால் மண்ணுக்குள் கிடக்கிற பிள்ளையின் தலையில் உன் பிழையையும் சேர்த்து வைக்க எனக்கு மனம் இடம் தரவில்லை.

பொலிஸ் தேடி வரும்வரை இராதே மகன். நீயாகப் போய் நடந்ததைச் சொல்லு, பாஷை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. உள்ளே வைத்தால் நீ வரும் நாள் தள்ளிப் போகும், அப்போது நாங்கள் இருப்போமோ தெரியாது, அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உண்மையைச் சொல்லும் நாவையும் அதைத் தாங்கும் நெஞ்சையும் அல்லாஹ் உனக்குத் தரட்டும், ஆமீன்.

முகைதீன்பாவா சாச்சாவுக்கு நீயே போன் எடு, மிஹ்லாரைக் கொண்டு சொல்விக்காதே. அவர் ஏசினாலும் கேட்டுக்கொண்டிரு, ஒன்றும் பேசாமல் இருந்தாலும் கேட்டுக்கொண்டிரு. அவர் வைக்கும்வரை நீ போனை வைக்காதே.

இப்படிக்கு,
உனக்காகத் துஆச் செய்யும் வாப்பா
முத்தலிப்