நீங்கள் பூசாத எண்ணெய்

ராத்தா,

இன்று காலை தலைக்கு வைக்கலாம் என்று தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். வாசம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். கொஞ்ச நாளாகவே இப்படித்தான், தலை வைக்கோல் மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் உங்கள் ஆமை.

மச்சான் அதைச் சாக்கில் சுற்றி வயல் வட்டையிலிருந்து கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? நெல் வெட்டும் மெஷின் உரசி ஓட்டின் ஓரம் வெடித்திருந்தது. நீங்கள் காயத்தைக் கழுவித் துடைத்தீர்கள். காய்ந்த சாக்கில் வைத்து, காலை வெயில் எங்கே படுகிறதோ அங்கே நகர்த்திக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் தங்கச்சி நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "ஆமை புகுந்த வீடு விளங்காது ராத்தா" என்றேன். "நீ வந்து போற வீடே விளங்குது. ஆமையால என்னகா வரப்போகுது?" என்றீர்கள். சிரித்த சிரிப்பில் மச்சானுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

வெடிப்பு ஆறியது. ஓடு மட்டும் புழுதி நிறமாகவே இருந்தது. கொஞ்சம் எண்ணெய் பூசினால் மினுங்குமே என்று நான் வரும்போதெல்லாம் சொல்வேன். "அதுக்கென்ன கலியாணமா? அத அதுட பாட்டில விடு" என்பீர்கள்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, கட்டாருக்குத் திரும்பும்போது உங்கள் மகள் ஆமையை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். குளியலறைக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் தரையில் விட்டேன். கழுவி ஊற்ற அதுதான் எனக்கு வசதி. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் பூசித் துணியால் தேய்த்தேன். கறுப்பும் மஞ்சளுமாக மினுங்கியது. போனில் உங்கள் மகளுக்குக் காட்டினேன். "சாச்சி, உம்மாட்ட இருந்ததவிட வடிவா இரிக்கி" என்றாள் பிள்ளை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இருக்கும்போது எதிலும் உங்களை வெல்ல முடியவில்லை, இதிலாவது வென்றேன் என்று நினைத்தேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் அதைத் தூக்கியபோது நாற்றம் வந்தது. திருப்பிப் பார்த்தேன். அடிஓட்டுத் தகடுகள் வெளுத்து, விரல் பட்டால் அமுங்கின. ஓரத்தில் சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. பின்னங்காலில் சீமெந்து தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் பேசினில் வைத்துக் கல்முனையில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

அவர் ஓட்டைத் தடவி, விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார். "எண்ணெயும் ஈரமும் சேர்ந்துதான் அழுகியிரிக்கி. ஆரு எண்ணெய் பூசினது?"

"எங்கட ராத்தா" என்றேன். "அவ மௌத்தாகிட்டா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, ராத்தா. வாய் தானாகச் சொன்னது. ஆனால் சொன்ன பிறகு திருத்தாமல் நின்றது நான்தான்.

"அப்ப கனகாலமா பூசியிரிப்பாங்க. அழுகல் உள்ளுக்க போயிரிக்கும், ஆழமா சுரண்டத்தான் வேணும்" என்று கத்தியை எடுத்தார். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. முதல் தகட்டில் கத்தி இறங்கி இரத்தம் வந்த பிறகுதான், "நில்லுங்க டொக்டர், நான்தான் பூசின. ராத்தா மௌத்தான பிறகுதான்" என்றேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முதலே சொல்லியிரிக்கலாமே." மற்றத் தகடுகளில் மேலாக மட்டும் வழித்து, அயோடின் தடவினார். காய்ந்த இடம், காலை வெயில், எண்ணெய் கண்ணிலும் காட்டக் கூடாது என்றார். நீங்கள் யாரும் சொல்லாமலே செய்ததைத்தான் சொன்னார். இப்போது ஆறி வருகிறது, கீரை தின்கிறது. அந்த முதல் தகட்டில் மட்டும் ஒரு குழி இருக்கிறது.

வாயில்லாச் சீவன் ஒன்றை வருத்தினேன். பதில் சொல்ல முடியாத உங்கள்மேல் பழியையும் போட்டேன். உங்கள் ஜனாஸாவை அடக்கம் செய்யக் கொண்டுபோன அன்று வாசலில் நின்று, "உம்மா ஆருக்கும் ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க" என்று மகள் எல்லோரிடமும் கேட்டாள். பொறுத்தேன் என்று எல்லோரையும் முந்திச் சொன்னவள் நான். நீங்கள் எனக்கு என்ன பிழை செய்தீர்கள், பொறுப்பதற்கு?

நேற்று போனில் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், ஏசுவாள் என்று பயந்தேன். ஆனால், "உம்மாக்குப் பதிலா நான் பொறுத்தன் சாச்சி, அழாதீங்க" என்றாள்.

அவள் பொறுத்துவிட்டாள், ராத்தா. நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.