நீளப் பெஞ்சும் தவறாகப் பதிவான இரண்டு விருப்பங்களும்

அனுப்புநர்:
தையற்கடை உரிமையாளர்,
கடை எண் 7, கிழக்கு வரிசை,
மத்திய சதுக்கம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: சதுக்கச் சீரமைப்பில் நீளப் பெஞ்சை அகற்றாதிருக்கவும், தனி நாற்காலிகளை ஆதரித்த இரண்டு விருப்பப் படிவங்களைத் திரும்பப் பெறவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சீரமைப்புத் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். பேருந்துகளை வெளிவட்டத்துக்கு மாற்றப்போவது மிக நல்ல காரியம். பதினாறு ஆண்டுகளாக ஹாரன் சத்தத்துக்கு நடுவே அளவெடுத்து, இடுப்பளவை மார்பளவாகக் குறித்துக்கொண்டு பேச்சு வாங்கியவள் நான்.

2. என் மனக்குறை, நீரூற்றுக்கு எதிரே உள்ள பதினான்கு அடி சிமெண்ட் பெஞ்சைப் பற்றியது. வரைபடத்தில் அதை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு திசை பார்த்த தனி நாற்காலிகளைப் போட்டிருக்கிறீர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பத்தடி இடைவெளி.

3. அந்தப் பெஞ்சின் இடது முனையில் தினமும் மாலை ஐந்து மணிக்கு என் கணவர் உட்காருகிறார். வலது முனையில் அவருடைய தம்பி. எங்கள் மகள் கல்யாணத்தில் குடும்பப் புகைப்படம் எடுக்கும்போது தம்பியை மேடைக்குக் கூப்பிட என் கணவர் மறந்துபோனார். அன்றிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வீம்பில் இருவரும் ஒரு தாய் பிள்ளைகள்தான். ஆனாலும் என் கணவர் செய்தித்தாளை ஒவ்வொரு தாளாகப் படித்து முடித்து நடுவில் நகர்த்துவார், தம்பி எடுத்துக்கொள்வார். குறுக்கெழுத்துப் புதிரில் இடமிருந்து வலம் அண்ணன், மேலிருந்து கீழ் தம்பி. என் தையல் இயந்திரம் ஜன்னலோரம் இருப்பதால் இதை நான் தினமும் பார்க்கிறேன். பார்க்காத நாளில் எனக்கு வேலை ஓடாது.

4. சென்ற மாதம் தங்கள் ஊழியர்கள் வீடு வீடாகக் கொடுத்த படிவத்தில், “சாய்வும் கைப்பிடியும் உள்ள தனி நாற்காலி” என்ற இடத்தில் இந்த இருவருமே குறியிட்டிருக்கிறார்கள். என் கணவரிடம் காரணம் கேட்டேன். “அவனுக்கு முழங்கால் சரியில்ல. கைப்பிடி இருந்தா பிடிச்சுக்கிட்டு எழுந்திருப்பான்” என்றார். ஓரகத்தியிடம் விசாரித்தேன். தம்பி, “அண்ணனுக்கு முதுகு வலி. சாஞ்சுக்க ஒண்ணும் இல்லாம உட்கார்ந்திருக்காரு” என்றாராம். வரைபடத்தை இருவருமே பார்க்கவில்லை. ஒருவருக்கொருவர் நல்லது செய்யப்போய்த் தங்கள் இடத்துக்குத் தாங்களே உலை வைத்துக்கொண்டார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. பெஞ்சு போய்விட்டால், வீட்டுக்கு வா என்று கூப்பிட இருவருக்கும் வாய் வராது.

5. ஆகவே, அவ்விரு படிவங்களையும் கணக்கில் கொள்ளாமல், பெஞ்சை இருந்த இடத்திலேயே விட்டு, இரண்டு முனைகளிலும் மட்டும் சாய்வும் கைப்பிடியும் பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நடுவில் எதுவும் வைக்க வேண்டாம். செய்தித்தாள் நகர வேண்டும்.

6. படிவங்களைத் திரும்பப் பெறும் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை என் கணவர் அதில் கையெழுத்திட்டு, செய்தித்தாளோடு சேர்த்து நடுவில் வைத்தார். தம்பிக்குத் தாராளமாக இடம் விட்டுத் தாளின் இடது ஓரத்தில் போட்டிருந்தார். தம்பி வலது ஓரத்துக்குப் போகவில்லை. அண்ணன் கையெழுத்தை ஒட்டியே போட்டுவிட்டார். ஈரம் காயாத மை கலந்து, இரண்டு பெயருமே தெளிவாக இல்லை. வேறு தாளில் எழுதி மறுபடி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அருள்கூர்ந்து அப்படியே ஏற்றுக்கொள்ளவும்.

இடம்: கிழக்கு வரிசை
நாள்: மார்ச் 9

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
தையற்கடைக்காரி

இணைப்பு: கடிதம் ஒன்று, கையெழுத்துகள் இரண்டு.