மெர்சிங்கில் கடல் தெளிந்த கிழமை

பெப். 19, செவ்வாய்

காலை முதல் தூறல். வாடைக்காற்று. கயிற்றில் போட்ட வேட்டி இன்னும் காயவில்லை, புளித்த வாசம். ஆறு பால் விட்ட தேத்தண்ணீர் நிறம். கடலுக்குள் கண் எட்டும் தூரம் வரை அதே நிறம். வள்ளங்கள் எல்லாம் மணலில் குப்புற.

நல்லது. இவர் நாலு மணிக்கே சுங்கக் கந்தோர் வேலை முடிந்து வீடு. கடல் இப்படி இருந்தால் தூண்டில் போட முடியாது, வேறு போக்கிடமும் இல்லை. தாயம் விளையாடினோம். சோழியைப் புரட்டிக் கள்ள ஆட்டம் ஆடினார். கேட்டால், "உமக்குக் கண் தெரியேல்லை." யாழ்ப்பாணத்தை விட்டு இந்த ஊருக்கு வந்து எனக்குப் புருஷன் கிடைத்தது இந்த மழைக்காலத்தில்தான். எழுதவே வெட்கம்.

பக்கத்து வீட்டு மக் சோம் அரிசி கேட்டு வந்தாள். அவள் புருஷன் கடலுக்குப் போகிறவர், அவருடைய வள்ளமும் மணலில்தான். "அங்கின்" என்று கடலைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். காற்றாம். ஒரு கொத்து அரிசி கொடுத்தேன். அவள் போனதும் சாமி படத்தின் முன் நின்று, காற்று இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கும்பிட்டேன். நான் என்ன பெண்.

பெப். 20

மழை. சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: துரை கேட்டாராம், மூவார் கந்தோருக்கு மாற்றம் வேண்டுமா, இங்கேயே இருக்க விருப்பமா என்று. மாசம் பிறந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

மூவாரில் நம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் உண்டு. கோயில் உண்டு. வேலிக்கு மேலால் எட்டி, இன்றைக்கு என்ன கறி என்று கேட்க ஒருத்தி இருப்பாள். இங்கே இவரை விட்டால் தமிழ் பேச ஆள் இல்லை. கோழியோடு பேசுகிறேன். கோழிக்கும் அலுத்துவிட்டது.

"என்ன சொல்லப் போறியள்?" என்றேன்.

"பார்ப்பம்."

இவருடைய பார்ப்பம் எனக்குத் தெரியும். கடலைப் பார்ப்பார்.

பெப். 22, வெள்ளி

மழை விட்டது. கந்தோர் விடுமுறை. ஜொகூரில் ஓய்வு நாள் வெள்ளி. எங்கள் குசினிக்குள் மீன், மச்சம் வராத நாளும் வெள்ளி. ஆகவே இவர் முழு நாளும் இருந்து பிடிக்கிற மீன் ஒருநாளும் எங்கள் சட்டியைக் கண்டதில்லை. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது.

விடிந்ததும் தூண்டிலோடு ஜெட்டிப் பாலத்துக்குப் போனவர், மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. பொழுதுபட வந்தார். கெளிறு இரண்டு பட்டதாம், அதையும் எறிந்துவிட்டாராம்.

"தண்ணி இன்னும் கலங்கல். இறால் குத்திப் போட்டாலும் மீனுக்குத் தெரியாது. ஒரு கிழமை போகட்டும்."

ஒரு கிழமையில் மாசம் பிறந்துவிடும்.

பெப். 25

இன்று பார்த்தவை:

கடலில் ஒரு கோடு. இந்தப் பக்கம் மண் நிறம், அந்தப் பக்கம் பச்சை. முந்தநாள் தூரத்துத் தீவுப் பக்கம் கிடந்தது, இன்று ஆற்று வாய்க்குக் கிட்ட வந்துவிட்டது.

காலையில் காற்றே இல்லை. பின்னேரம் கொஞ்சம்.

வெள்ளைக் குருவிகள் கூட்டமாக விழுந்து எழும்புகின்றன. சூடை மீன் வந்திருக்கிறது. சூடைக்குப் பின்னால் கொடுவா வருமாம். இவர் சொல்லிச் சொல்லி எனக்கும் பாடம்.

மக் சோமின் புருஷன் வள்ளத்தின் அடியைச் சுரண்டுகிறார்.

வேட்டி காய்ந்துவிட்டது.

பெப். 27

வள்ளங்கள் போய் வந்தன. மக் சோம் தட்டு நிறையப் பாரைக் குஞ்சு கொண்டுவந்தாள். சிரித்தாள். இத்தனை நாளில் அவள் பல்லைப் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம், உண்மையாகவே. பொரித்தேன்.

"பாத்தீரே, தண்ணி தெளிஞ்சிட்டுது" என்றார் இவர், முள்ளைச் சப்பிக்கொண்டு.

என் பங்கைக் கோழிக்குப் போட்டேன்.

பெப். 28, வியாழன்

வெயில். தேங்காயெண்ணெய் முடிந்தது. மூவாரைப் பற்றிக் கேட்டேன், மறுபடி.

"நாளைக்கு ஒரு கொடுவா பட்டால் இஞ்சை இருப்பம். படாட்டில் மூவார்."

சிரித்தார். பகிடி என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாம் பகிடியாகத் தொடங்கியவை. என்னைப் பெண் பார்க்க வந்ததும் அப்படித்தான்.

மார்ச் 1, வெள்ளி

அலை இல்லை. ஜெட்டித் தூணின் அடிவரை தெரிகிறது. சோற்றுப் பொட்டலத்தோடு நானே போனேன். இதுவே முதல் தடவை. பக்கத்தில் இருந்து மூவாரைப் பற்றி வாய் திறந்தேன்.

"கதையாதையும். மீன் போயிடும்."

ஒன்றும் படவில்லை. உள்ளுக்குள் நிம்மதி. இவரிடம் தூண்டில் இரண்டு. ஒன்று கையில், மற்றதைத் தூணில் கட்டியிருந்தார். அதை அவிழ்த்து என்னிடம் தந்தார். "சும்மாதானே இருக்கிறீர், பிடியும்." தந்துவிட்டுச் சுருட்டுப் பற்றவைக்கத் திரும்பினார்.

முதலில் ஒரு சுண்டல். பிறகு இழுத்த இழுப்பில் கயிறு விரலை அறுத்தது.

விட்டிருக்கலாம். கையை விரித்தால் போதும், மீன் போகும், மூவார் வரும். நினைக்க நேரம் இல்லை என்று எழுதினால் பொய். நேரம் இருந்தது. அதற்குள் இவர் சுருட்டை எறிந்துவிட்டு ஓடி வந்து என் கைமேல் கை வைத்தார். "விடாதையும், விடாதையும், கெட்டிக்காரி." இவர் என்னை அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லை. நான் விடவில்லை.

கொடுவா. என் கை நீளம். வெள்ளி என்பதால் மக் சோம் வீட்டுக்குப் போயிற்று. அவள் பொரிக்கிற வாசத்தில் நாங்கள் பருப்பும் கீரையும் சாப்பிட்டோம். இவர் வாய் மூடவில்லை. மீன் எப்படித் திரும்பியது, நான் எப்படிக் காலை ஊன்றி நின்றேன், எல்லாம் திரும்பத் திரும்ப. இனிப் பின்னேரங்களில் இரண்டு பேருமாகப் போகலாம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

"இஞ்சையே இருப்பம், என்ன?"

"ஓம்" என்றேன்.

மார்ச் 2, சனி

வெயில். காற்று இல்லை. ஆற்று வாய்க்குள்ளும் பச்சை.

துரையிடம் சொல்லிவிட்டாராம். மூவாருக்கு வேறு ஆள் போகிறார்.

நேரத்தோடு தேத்தண்ணீர் போட்டு, நல்ல சேலை மாற்றி, விரலில் துணி சுற்றிக்கொண்டு இருந்தேன். வந்தார். நின்றபடியே குடித்தார்.

"நானும் வரட்டே?"

"வேண்டாம். நீர் வந்தால் கதை வரும்."

ஒரு தூண்டிலைத்தான் எடுத்துக்கொண்டு போனார். மற்றது குசினி ஆணியில் தொங்குகிறது, நேற்றைய ஈரத்தோடு.