பயன்பெற்ற பெண்கள் 412

புளியங்கண்மாய்,
12.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு, சத்தியப்பிரியா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். மதினிக்கு மூட்டுவலி தேவலையா? போனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால்தான் கடிதம்.

உங்கள் யூனியன் ஆபீஸிலிருந்து வந்த தாளில் ஊராட்சித் தலைவராக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். மகளிர் நலச் செலவு மூன்று லட்சம், பயன்பெற்ற பெண்கள் 412. பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வந்த பணம் அது. சிமெண்ட் ரோட்டுக்கு மாற்றலாம் என்றீர்கள். அண்ணன் சொல்கிறாரே என்று நானும் தலையாட்டினேன். தையிலேயே ரோடும் போட்டாயிற்று.

தாளோடு வந்த பெயர்ப் பட்டியலில் காளியாயி பெயரும் இருக்கிறது. "தாழ்ப்பா போட்ட கதவு ஒண்ணு கட்டிக்குடுங்க தலைவரே, போதும்" என்று கிராம சபையில் கேட்டவள். சித்திரையில் கண்மாய்க் கருவேலங்காட்டுக்குள் ஒதுங்கப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போனாள். இப்போதும் விடியற்காலையில் தெருவில் செம்புச் சத்தம் கேட்டால், அவள்தான் போகிறாள் என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணே. அந்தத் தாளைத் திருத்துங்கள்.

தங்கை,
சத்தியப்பிரியா

சிவகங்கை,
26.8.2024

தலைவரம்மாவுக்கு அண்ணன் பூமிநாதனின் ஆசிகள். மதினி தேன்குழல் சுட்டு அனுப்பியிருக்கிறாள். முதலில் அதைத் தின்னு, கோபம் குறையட்டும்.

பெண்களும் அந்த ரோட்டில்தானே நடக்கிறார்கள்? அதனால் ரோடும் மகளிர் நலம்தான். எல்லா ஊருக்கும் நான் இப்படித்தான் எழுதுகிறேன். பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்ததால் அந்தப் பெண்ணின் பெயரும் சேர்ந்துவிட்டது. அடித்து 411 ஆக்கிவிட்டேன். கிராம சபையில் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கிறது. விசாரணை என்று வந்தால் என் பென்ஷனுக்கே ஆபத்து. நீ என் கூடப் பிறந்தவள், தாயி.

அண்ணன்,
பூமிநாதன்

புளியங்கண்மாய்,
3.10.2024

அண்ணனுக்கு,

நேற்று கிராம சபையில் வாசித்தேன். காளியாயி பெயரை அடித்திருப்பதையும் சொன்னேன். அவள் புருஷன் வீரையா எழுந்தார்.

"அடிக்காதீக தாயி. அவளும் அந்த ரோட்டுல போனாள்ல, பாடையில. உங்க அண்ணன் சரியாத்தான் எழுதியிருக்காக."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததைத் தீர்மானமாக எழுதிக் கலெக்டருக்கு அனுப்பிவிட்டேன். மாற்றச் சொன்னவர் என்று உங்கள் பெயரும், சம்மதித்தவள் என்று என் பெயரும் அதில் இருக்கின்றன. மதினி என்னைச் சபிப்பாள். சபிக்கட்டும்.

தீபாவளிக்குச் சீர் கொண்டு வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. வாருங்கள் என்று சொல்லக் காளியாயி விடவில்லை, அண்ணே.

சத்தியப்பிரியா