காதோரம் ஆட்டிய பட்டர் புரூட்

ஆவணி 14, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மலைமேல் நம் ஊர் மாரமங்கலம் வந்து சேர்ந்தும் தூக்கம் வரவில்லை. கோயம்புத்தூரில் படிக்கும் மகள் சுதா, தன் தோழிகளோடு என்னையும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"அப்பா, எதையாச்சும் பேசி மானத்த வாங்கிறாதீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன். ஆனால் சீஸ் வரிசையில் நாற்றம் தாங்கவில்லை. "ஏனுங்க, இது கெட்டுப்போச்சுங்களா?" என்று அங்கு நின்ற பெண்ணிடம் கேட்டுவிட்டேன். தோழிகள் சிரித்தார்கள். சுதா இரண்டு வரிசை தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அடுத்தது பட்டர் புரூட். நம் தோட்டத்தில் பன்றி தின்கிற பழம், அங்கே வலைச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓர் அம்மாள் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"அமுக்காதீங்கம்மா, நசுங்கிப்போயிரும். காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க. உள்ள கொட்டை லொடலொடன்னு ஆடுனா முத்தின காய், நொம்ப நல்லாப் பழுக்கும்."

ஐந்து நிமிடத்தில் என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு காயைக் காதோரம் ஆட்டிக்கொண்டு நின்றார்கள். கடை மேனேஜரும் ஒன்றை ஆட்டினார். "யாருங்க இவரு?" என்றார்.

சுதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்கப்பாங்க" என்றாள், தோழிகளுக்கும் கேட்கிற மாதிரி.

அந்த சீஸ் கெட்டுப்போனதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.